ஏழாம் மேசையின் பங்கு

பிப்ரவரி 3

கோபத்தில் இருக்கும் அண்ணிக்கு, அதைவிடக் கோபத்தில் இருக்கும் நாத்தனார் எழுதுவது.

போன் செய்தால் நீங்கள் எடுக்க மாட்டீர்கள். எடுத்தாலும் என்னைப் பேசவிட மாட்டீர்கள். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது அல்லவா, அதனால்தான் எழுதுகிறேன். உங்கள் லேபிலிருந்து ட்யூப் பெட்டிகளை ஏற்றிவரும் வண்டி திரும்பும்போது காலியாகத்தான் போகிறது. ஓட்டுநர் இதைக் கொண்டுவந்து தருவார். அண்ணனிடம் கொடுத்தனுப்ப மாட்டேன். நம் சண்டையில் அவன் ஏற்கெனவே மத்தளம் மாதிரி இரண்டு பக்கமும் இடி வாங்கிக்கொண்டிருக்கிறான்.

விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் நான் வீட்டுக்கு வந்திருந்தபோது சாப்பாட்டு மேசையில் ஒரு விருந்தாளி உங்களிடம், "என்ன வேலை பாக்கறீங்க?" என்று கேட்டார். நீங்கள், "தோலுக்குப் போடற களிம்பு தயாரிக்கிறோம்" என்றீர்கள். எனக்கு அது இன்னும் ஆறவில்லை.

களிம்பா அண்ணி? எட்டு வருடமாக நீங்கள் செய்துகொண்டிருப்பது, ஒரு பெண் படுக்கைக்குப் போகுமுன் தன் கையால் தானே உள்ளே வைத்துக்கொள்ளும் ஜெல். ஆணுறை போட மாட்டேன் என்று எதிரில் இருப்பவன் அடம்பிடித்தாலும், எச்ஐவியை வாசலிலேயே நிறுத்தப் பார்க்கிற மருந்து. அதை நீங்கள் சேற்றுப்புண் களிம்பு ரேஞ்சுக்கு இறக்கிவிட்டீர்கள். நான் உங்கள் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். என்னை யாராவது கேட்டிருந்தால் நானும் களிம்பு தடவும் நர்ஸ் என்று சொல்லியிருக்க வேண்டுமா?

நான் இங்கே என்ன செய்கிறேன் என்று ஒருநாளாவது வந்து பாருங்கள். டயர் கடைக்கு மேலே எங்கள் மருத்துவமனை. படியேறும்போதே ரப்பர் வாடை. மீனை டப்பாவில் அடைக்கும் ஆலையிலிருந்து ஷிப்ட் முடிந்து நேராகப் பெண்கள் வருகிறார்கள். பாதிப் பேருக்குப் புருஷன் கப்பலில். மீதிப் பேருக்கு யார் எங்கே என்று அவர்களுக்கே நிச்சயமில்லை. திரைக்குப் பின்னால் பிளாஸ்டிக் இடுப்பு மாடல் ஒன்றை வைத்துக்கொண்டு, ஜெல் நிரப்பிய குழலை எப்படி வைக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுக்கிறேன். அந்த மாடலுக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் "பெரிய வீட்டு மருமகள்". என்ன செய்தாலும் வாய் திறக்காதாம்.

முதல் வாரம் தலை குனிந்து உட்கார்ந்திருந்தவர்கள் இப்போது எனக்கே பாடம் எடுக்கிறார்கள். இது பரிசோதனை, பாதிப் பேருக்கு மருந்து ஜெல், பாதிப் பேருக்கு வெறும் ஜெல், யாருக்கு எது என்று எனக்கும் தெரியாது என்று சொல்லித்தான் கையெழுத்து வாங்கினேன். ஆணுறை கொடுக்கிறேன், மாதாமாதம் ரத்தம் பார்க்கிறேன். வெட்கத்தையெல்லாம் படிக்குக் கீழே டயர் கடையில் விட்டுவிட்டு வருகிறார்கள். நீங்கள் மட்டும் அதைச் சாப்பாட்டு மேசைக்கே கொண்டுவந்து பரிமாறுகிறீர்கள்.

பதில் எழுதினால் எழுதுங்கள். எழுதாவிட்டாலும் அடுத்த வண்டியில் இன்னொன்று வரும்.


பிப்ரவரி 12

நாத்தனாரே,

குறுக்கே பேச முடியாது என்று யார் சொன்னது? உன் கடிதத்தின் ஓரமெல்லாம் பென்சிலால் குறுக்கே பேசித்தான் வைத்திருக்கிறேன். அதை அனுப்பினால் நம் உறவு அத்தோடு முடிந்துவிடும் என்று உன் அண்ணன் சொன்னதால் புதுத்தாளில் எழுதுகிறேன்.

களிம்பு என்று சொன்னது தப்புதான். ஆனால் என் எதிரே உன் அம்மா பரிமாறும் கரண்டியோடு நின்றுகொண்டிருந்தார். எச்ஐவியைப் பார்த்து நான் பயந்ததில்லை, அந்தக் கரண்டியைப் பார்த்துப் பயந்தேன். நீ மகள். நான் மருமகள். உனக்குக் கோபித்துக்கொள்ளவும் உரிமை உண்டு, எழுந்து போகவும் உரிமை உண்டு. நான் அந்த மேசையில் மறுநாளும் சாப்பிட வேண்டும்.

என் வேலையைப் பற்றி எனக்குப் பெருமை இல்லை என்று மட்டும் நினைத்துவிடாதே. ஜன்னல் இல்லாத அறை என்னுடையது. ஒரு கலக்கி, ஒரு தராசு, ஒரு குளிர்பெட்டி, சாய்ந்தால் கிரீச்சிடும் நாற்காலி. இங்கே உட்கார்ந்துதான் இதைச் செய்தேன். அந்த வைரஸ் ஒரு செல்லுக்குள் நுழைந்தால்தான் தன்னைத்தானே நகல் எடுத்துக்கொள்ள முடியும். என் மருந்து அந்த நகல் எடுக்கும் வேலையைக் கெடுக்கிறது. அதுவும் ரத்தத்தில் கலந்து உடம்பெல்லாம் சுற்றாமல், எங்கே தேவையோ அங்கேயே நின்று கெடுக்கிறது. சொல்ல இரண்டு வரி. செய்ய எட்டு வருடம்.

அதைவிடக் கஷ்டப்பட்டது வெறும் ஜெல்லுக்கு. நிறம், வாசனை, கெட்டித்தன்மை, விரலில் தேய்த்தால் வழுக்குகிற வழுக்கல், எல்லாம் மருந்து ஜெல்லைப் போலவே இருக்க வேண்டும். கண்ணைக் கட்டிக்கொண்டு எங்கள் லேபில் ஒவ்வொருவராகத் தொட்டுப் பார்த்தார்கள். ஒருவராலும் கண்டுபிடிக்க முடியவில்லை. படைத்த பிரம்மாவே வந்தாலும் எது எது என்று சொல்ல முடியாது. இந்த வரியைக் கொஞ்சம் பெருமையோடுதான் எழுதுகிறேன், வைத்துக்கொள்.

உன் பெண்கள் உனக்குப் பாடம் எடுக்கிறார்கள் என்பதைப் படித்துச் சிரித்தேன். நீ யாரிடமாவது பாடம் கேட்டு நான் பார்த்ததே இல்லை.


ஏப்ரல் 20

அண்ணிக்கு,

இதை எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் மூன்று தாளைக் கசக்கிப் போட்டுவிட்டேன். நேராகவே சொல்கிறேன். உங்கள் பிரம்மாவால் முடியாததை டப்பா ஆலைப் பெண்கள் செய்துவிட்டார்கள்.

ஆலையில் ஒரு மேசைக்கு எட்டுப் பேர். மீனைக் கழுவி, உப்புத் தண்ணீரில் போட்டு, டப்பாவில் அடுக்குவார்கள். நாளெல்லாம் கை உப்பில். அங்கே ஒரு வழக்கம் உண்டு. நசுங்கிய டப்பாவோ, மேலதிகாரி கொடுத்த மிட்டாயோ, ஒருத்தி வீட்டிலிருந்து கொண்டுவந்த பழமோ, எது வந்தாலும் மேசை நடுவில் வைத்து எட்டாகப் பங்கு போடுவார்கள். "மேசைக்கு வந்தது மேசைக்கு" என்பது அவர்கள் பேச்சு. தனியாக வைத்துக்கொண்டவளோடு ஒரு வாரம் யாரும் பேச மாட்டார்கள்.

ஏழாம் மேசையில் ஒருத்தி, எப்போதும் பேசிக்கொண்டே இருப்பாள், எல்லோரும் வாயாடி என்றுதான் கூப்பிடுவார்கள். உடை மாற்றும் அறையில் ட்யூபைத் திறந்து உப்புக் கையில் ஒரு சொட்டு வைத்திருக்கிறாள். தண்ணீராக ஓடிவிட்டது. பக்கத்திலிருந்தவளின் ட்யூபில் வைத்துப் பார்த்தால் அப்படியே நின்றது. அன்றைக்கே எட்டு ட்யூபும் பரிசோதிக்கப்பட்டன. நிற்பதுதான் மருந்து, ஓடுவது ஏமாற்று என்று முடிவு கட்டிவிட்டார்கள். நாலு பேருக்கு இது, நாலு பேருக்கு அது. அப்புறம் என்ன, மேசைக்கு வந்தது மேசைக்கு. இப்போது எட்டுப் பேரும் பாதி நாள் அது, பாதி நாள் இது போடுகிறார்கள். மற்ற மேசைகளுக்கும் பரவிவிட்டது.

இதை என்னிடம் சொன்னது அந்த மேசையின் மேஸ்திரியம்மா. ஒளித்துச் சொல்லவில்லை. பெருமையாகச் சொன்னார். "யாருக்கும் ஓரவஞ்சனை பண்ணலம்மா, சரிசமமா பிரிச்சிட்டோம்." நான் என்ன சொல்ல? நல்ல காரியம்தான் செய்தார்கள். ஆனால் எல்லோரும் எல்லாவற்றையும் போட்டுக்கொண்டால், மருந்து வேலை செய்கிறதா என்று எதை வைத்துப் பார்ப்பது?

இன்று காலை அறிக்கை எழுதி அனுப்பிவிட்டேன். இந்தக் கடிதத்துக்கு முன்பே அது பரிசோதனையை நடத்தும் உங்கள் பெரிய டாக்டர் மேசைக்குப் போயிருக்கும். உங்களிடம் முதலில் சொல்லவில்லை. மன்னிப்புக் கேட்கவும் மாட்டேன்.


ஏப்ரல் 29

ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தை என்னிடம் சொல்லியிருக்கக் கூடாதா?

கூட்ட அறைக்குக் கூப்பிட்டார்கள். போய் உட்கார்ந்தேன். பெரிய டாக்டர் உன் அறிக்கையை உரக்கப் படித்தார். உப்பு என்ற சொல் வந்ததும் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. வேறு யாருக்கும் விளங்கவில்லை. அத்தனை பேர் நடுவில் நான் மட்டும் வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் வீட்டுப் பெண்ணின் கையெழுத்து அது. முந்தின நாள் உன் அண்ணனிடமாவது சொல்லியிருந்தால், குறைந்தபட்சம் முகத்தைக் கழுவிக்கொண்டு போயிருப்பேன்.

கண்காணிப்புக் குழு மே கடைசியில் கூடுகிறது. பரிசோதனை மொத்தமும் நிற்கலாம். இதற்கு மேல் இப்போது எழுத முடியவில்லை. எழுதினால் வருத்தப்படும்படி எழுதிவிடுவேன்.


மே 7

அண்ணிக்கு,

சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? "ரெண்டு நாள் பொறு" என்றிருப்பீர்கள். நான் உங்களை மறுத்துப் பேசுவேனே தவிர, நீங்கள் கெஞ்சினால் கேட்டுவிடுவேன். அது எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். அதனால்தான் சொல்லவில்லை. நாளைக்கு யாராவது, மருந்து செய்தவரும் நர்ஸும் ஒரே வீடு, சேர்ந்து மூடி மறைத்தார்கள் என்று விரல் நீட்டினால், அந்த மருந்தை எந்தப் பெண் நம்பிப் போட்டுக்கொள்வாள்? உங்கள் எட்டு வருடத்தைக் காப்பாற்றத்தான் நான் உங்களிடம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அதைப் புரிந்துகொள்ள ஒரு மாதம் எடுத்துக்கொள்ளுங்கள், பரவாயில்லை.

எனக்கு இங்கே கிடைத்ததையும் கேளுங்கள். ஆலைப் பெண்களுக்கு ட்யூப் கொடுப்பதை நிறுத்தச் சொல்லி உத்தரவு வந்தது. நானே போய்ச் சொன்னேன். மேஸ்திரியம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றார்.

"எங்களை ஏமாத்துக்காரிங்கன்னு எழுதிட்டீங்களா?"

"இல்லக்கா."

"அப்போ என்னன்னு எழுதினீங்க?"

படிவத்தில் "விதிமீறல்" என்று ஒரு கட்டம்தான் இருந்தது, அதை நிரப்பத்தான் வேண்டியிருந்தது, ஆனால் கூடவே ஒரு தாள் இணைத்தேன் என்று சொன்னேன். அதில், இவர்கள் யாரையும் ஏமாற்றவில்லை, தங்களுக்குள் ஒருத்தியும் பாதுகாப்பில்லாமல் போய்விடக் கூடாது என்று பிரித்துக்கொண்டார்கள், அப்படிச் செய்வார்கள் என்று முன்பே தெரிந்துகொள்ளாதது எங்கள் தவறு என்று எழுதியிருந்தேன். படித்துக் காட்டச் சொன்னார். படித்தேன். பிறகு, "இந்தத் தாளையும் சேத்துத்தான் படிச்சாங்களா உங்க பெரியவங்க?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியாது என்றேன். பெரிய டாக்டர் அதைப் படித்தாரா அண்ணி?

வாயாடி மட்டும் ஒரு வாரமாகப் பேசவில்லை. தான் விளையாட்டாகச் செய்ததால்தான் எல்லாம் கெட்டது என்று நினைக்கிறாள். அவள் பேசாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கத்தான் என்னால் முடியவில்லை.


ஜூன் 2

நாத்தனாரே,

பெரிய டாக்டர் அந்தத் தாளைப் படிக்கவில்லை. நான் படித்தேன். குழுவின் முன்னால் எழுந்து நின்று, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தேன். படித்து முடித்துவிட்டு, தவறு ஆலையில் நடக்கவில்லை, என் அறையில் நடந்தது என்றேன்.

பரிசோதனை மொத்தமும் நின்றுவிட்டது. இனி மறைக்க ஒன்றுமில்லை, அதனால் சொல்கிறேன். ஜெல்லைக் கெட்டியாக நிறுத்தும் பசை ஒன்று உண்டு. மருந்து ஜெல்லில் நான் போட்ட பசைக்குக் கொஞ்சம் அமிலக் குணம். மருந்தே இல்லாவிட்டாலும் அது வைரஸைச் சீண்டக்கூடும். வெறும் ஜெல் வெறுமையாக இருக்க வேண்டும் என்பதற்காக அதில் வேறு பசை போட்டேன். கெட்டிக்காரத்தனம் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். ஒரு பசை உப்புப் பட்டால் உடைந்து நீர்த்துப்போகும், இன்னொன்று போகாது. இது எனக்குப் பாடப் புத்தகத்திலேயே தெரியும். ஆனால் எங்கள் லேபில் எல்லோர் கையும் சோப்புப் போட்டுக் கழுவிய கை. உப்புக் கையோடு ஒருத்தி ட்யூபைத் திறப்பாள் என்று நான் யோசிக்கவே இல்லை.

இன்னொன்றும் கேள். தண்ணீராக ஓடியதுதான் மருந்து. நின்றது வெறும் ஜெல். அவர்கள் பங்கு போடாமல் இருந்திருந்தால், மருந்து கிடைத்தவள் அது ஏமாற்று என்று குப்பையில் போட்டிருப்பாள். பங்கு போட்டதால் எட்டுப் பேருக்கும் பாதியாவது கிடைத்தது. இதை வாயாடியிடம் கட்டாயம் சொல். அவள் எதையும் கெடுக்கவில்லை. கெட்டுப்போயிருந்ததைக் கண்டுபிடித்தாள்.

வீட்டுச் செய்தி. பரிசோதனை நின்றது பேப்பரில் சின்னதாக வந்துவிட்டது. உன் அம்மா அதை என் முன்னால் விரித்து வைத்தார். இன்றோடு என் கதை முடிந்தது என்று நினைத்தேன். அவர் கேட்டது என்ன தெரியுமா? "இவ்வளவு பெரிய வேலையா பாத்துக்கிட்டிருந்த? நான் தெருவெல்லாம் என் மருமக களிம்பு விக்கிறான்னு சொல்லிட்டு வந்திருக்கேனே, என் மானமே போச்சு." அன்று மாலையே பக்கத்து வீட்டுக்குப் போய்த் திருத்தம் சொல்லிவிட்டு வந்தார். என்ன சொன்னார் என்று கேட்க எனக்குத் தைரியமில்லை. பக்கத்து வீட்டுக்காரர் இப்போது என்னைப் பார்த்தால் எழுந்து நிற்கிறார்.

இனி என்ன என்று கேட்பாய். மருந்தையும் அந்த உப்புத் தாங்கும் பசையிலேயே கலக்கப் போகிறேன். அது ஒத்துக்கொள்கிறதா, உடம்புக்குக் கெடுதல் இல்லையா என்று பார்த்து முடிக்க ஒரு வருடம் பிடிக்கும். ஆனால் ஜெல்லை மாற்றிவிடலாம், மனிதர்களை மாற்ற முடியாது. மாற்றவும் நான் விரும்பவில்லை. மேசைக்கு வந்தது மேசைக்கு என்றால், மேசைக்கு மேசை பிரித்துக் கொடுத்தால் என்ன? ஒரு மேசைக்கு முழுவதும் மருந்து, இன்னொரு மேசைக்கு முழுவதும் வெறும் ஜெல். எவ்வளவு வேண்டுமானாலும் பங்கு போட்டுக்கொள்ளட்டும்.

எங்கள் புள்ளிவிவரக்காரரைக் கணக்குப்புலி என்று கூப்பிடுவோம். அவர் முதலில் முகத்தைச் சுளித்தார், ஒரு ஆலை போதாது, மூன்று வேண்டும் என்றார். பிறகு இரண்டு நாள் கழித்து அவரே வந்து, "உங்க நாத்தனார் இன்னும் அங்கதானே இருக்காங்க?" என்று கேட்டார்.

இருக்கிறாய் அல்லவா?


அடுத்த ஆண்டு, ஆகஸ்ட் 9

அண்ணிக்கு,

நீங்கள் ஊர் போய்ச் சேர்ந்ததும் அண்ணன் போனில் சொன்னான், கை இன்னும் மீன் வாடை அடிக்கிறதாம். அடிக்கட்டும். அந்தக் கையை நான் இங்கே கூட்டம் போட்டுக் காட்டியிருக்கிறேன்.

மூன்று ஆலைகளின் பெண்களையும் உடை மாற்றும் அறையில் கூட்டிவைத்து, நீங்கள் சட்டைக் கையை மடித்துக்கொண்டு உப்புத் தொட்டியில் முழங்கை வரை விட்டீர்களே, அப்போது என் பக்கத்தில் நின்ற பெண் என்னைக் கிள்ளி, "இவங்கதான் உங்க அண்ணியா?" என்றாள். ஆமாம் என்றேன். நான் இதுவரை எத்தனையோ தடவை அந்த வார்த்தையைச் சொல்லியிருக்கிறேன், இவ்வளவு நிமிர்ந்து சொன்னதில்லை.

வாயாடி புது ஜெல்லை ஒவ்வொரு ட்யூபாக உப்புக் கையில் வைத்துப் பார்த்தாள். ஓடவில்லை. ஐஸில் வைத்தாள். மீன் எண்ணெயில் குழைத்தாள். மோந்து பார்த்தாள். கடைசியில் நாக்கில் வைக்கப் போனவளை நான்தான் தடுத்தேன். "ரெண்டும் ஒண்ணுதான் போங்க" என்று அவள் சலித்துக்கொண்டபோது, அண்ணி, உங்கள் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அவள் வாயிலிருந்து பேச்சு மறுபடியும் கொட்ட ஆரம்பித்ததும் அன்றைக்குத்தான்.

மேஸ்திரியம்மா போட்ட நிபந்தனைக்கு நீங்கள் உடனே தலையாட்டிவிட்டீர்கள். மருந்து வேலை செய்தால், வெறும் ஜெல் போட்ட மேசைகளுக்குத்தான் முதல் பெட்டி. பெரிய டாக்டர் ஒத்துக்கொள்வாரா என்று எனக்குச் சந்தேகமாக இருந்தது. கையெழுத்தோடு தாள் நேற்று வந்துவிட்டது. நீங்கள் என்ன சொல்லி வாங்கினீர்கள் என்று தெரியவில்லை. அம்மாவின் கரண்டியை எடுத்துக்கொண்டு போனீர்களோ?

நாளை முதல் ட்யூப் கொடுக்கிறோம்.


அதற்கடுத்த ஆண்டு, நவம்பர் 16

அண்ணிக்கு,

இன்று ஒருத்திக்கு ரத்தப் பரிசோதனையில் வைரஸ் இருப்பதாக வந்தது. யார், எந்த மேசை என்று எழுத மாட்டேன், நீங்களும் கேட்க மாட்டீர்கள். இதற்கு முன்பும் சிலருக்கு வந்திருக்கிறது. இவளுக்கு வந்தது மட்டும் என்னால் தாங்க முடியவில்லை. அன்றைக்கே மாத்திரை ஆரம்பித்துவிட்டோம். ஒழுங்காகச் சாப்பிட்டால் நன்றாக வாழலாம், அதை நான் எல்லோருக்கும் சொல்வேன், அவளுக்கும் சொன்னேன். அவள் என்னைப் பார்த்து, "நீங்க ஏன் அழறீங்க?" என்று கேட்டாள்.

எழுதக் காரணம் ஒன்றுமில்லை. யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது.


அதற்கும் அடுத்த ஆண்டு, மார்ச் 28

என் நாத்தனாருக்கு,

நேற்று, எந்த மேசைக்கு எது என்ற கணக்கைத் திறந்தார்கள். கணக்குப்புலி எண்களைப் படிக்கும்போது எழுந்து நின்று படித்தார். உட்கார்ந்து படிக்க அவருக்கு மனம் வரவில்லையாம்.

வேலை செய்கிறது. மருந்து மேசைகளில் தொற்று வந்தவர்கள், வெறும் ஜெல் மேசைகளில் தொற்று வந்தவர்களில் பாதிகூட இல்லை. முழுக்கத் தடுக்கவில்லை. ஆணுறையும் வேண்டும், உன் வாயும் வேண்டும். ஆனால் ஒரு பெண் தன் கையில் வைத்துக்கொள்ள ஒன்று இருக்கிறது என்று இனி யாரும் மறுக்க முடியாது. நான் வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் சொன்னேன். அவர் அடுப்பை அணைத்துவிட்டு வந்து என் தலையில் கை வைத்தார். நான் அழுதேன், அதையும் எழுதிவிடுகிறேன்.

மேசைக்கு மேசை பிரித்த முறையைப் பற்றி வெளியூர்க் குழு ஒன்று கேட்டிருக்கிறது. யார் யோசனை என்று கேட்டார்கள். என் நாத்தனார் ஒளிக்காமல் எழுதிய அறிக்கையிலிருந்து வந்தது என்றேன். அன்றைக்கு நீ என்னிடம் சொல்லாமல் அனுப்பியது சரி. ஒரு மாதம் எடுத்துக்கொள்ளுங்கள் என்றாய். எனக்கு அவ்வளவு நாள் ஆகவில்லை, சொல்லத்தான் இவ்வளவு காலம் ஆகிவிட்டது.

இனி கஷ்டமான பகுதி. ஏழாம் மேசைக்கு வந்தது வெறும் ஜெல். இதைப் படித்ததும் நீ யாரை நினைப்பாய் என்று எனக்குத் தெரியாது, கேட்கவும் மாட்டேன். நீயே போய்ச் சொல்ல வேண்டும். முடியாது என்றால் ஒரு வரி எழுது, நான் கிளம்பி வருகிறேன். முதல் பெட்டிகள் அடுத்த வண்டியில் வருகின்றன.


ஏப்ரல் 11

அண்ணிக்கு,

நானே சொன்னேன்.

ஷிப்ட் முடிந்து உடை மாற்றும் அறைக்கு ஏழாம் மேசை எட்டுப் பேரும் வந்தார்கள். ஈரக் கவச உடைகளை ஆணியில் மாட்டிவிட்டு பெஞ்சில் உட்கார்ந்தார்கள். மருந்து வேலை செய்கிறது என்றதும் ஒருத்தி கை தட்டினாள். உங்களுக்கு வந்தது வெறும் ஜெல் என்றதும் அந்தக் கை அப்படியே மடியில் விழுந்தது.

மேஸ்திரியம்மாதான் முதலில் பேசினார். "அப்போ இத்தன நாளும் நாங்க போட்டுக்கிட்டது வெறும் பசையா?"

"ஆமாக்கா."

"நாங்க அதைப் போடலேன்னா, மத்த மேசைக்குப் போன மருந்து வேலை செய்யுதுன்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமா?"

"தெரிஞ்சிருக்காதுக்கா. எதோட ஒப்பிட்டுப் பாக்கறது?"

அவர் மற்றவர்களைத் திரும்பிப் பார்த்தார். "கேட்டீங்களா? இதுல பாதி நம்மளோடது."

நான் சொல்லியிருந்தால் அது ஆறுதலாகத்தான் இருந்திருக்கும். அவர் சொன்னபோது அது கணக்காக இருந்தது. பெஞ்சில் இருந்தவர்கள் முதுகு நிமிர்ந்ததை நான் பார்த்தேன்.

யாரென்று எழுத மாட்டேன் என்று போன வருடம் எழுதியிருந்தேன். இப்போது எழுதலாம் என்று அவளே சொல்லிவிட்டாள். வாயாடிதான் அண்ணி. மேசையில் எல்லோருக்கும் அவளே முன்பே சொல்லியிருக்கிறாள். மாத்திரை நேரத்துக்கு அவளை மற்ற ஏழு பேரும் மாறி மாறி விரட்டுகிறார்கள். உடம்பு தேறிவிட்டது, வாய் குறையவில்லை.

உங்கள் அறிக்கையில் பெண்கள் யார் பெயரும் வராது என்று நான் விளக்கியபோது அவள் குறுக்கிட்டாள். "பேரு வேணாங்க்கா. மேசை நம்பரைப் போடச் சொல்லுங்க. ஏழாம் மேசைன்னு போடணும்." போட முடியுமா என்று தெரியவில்லை. ஒரு மேசையைக் குறிப்பிட்டு எழுத விதி இடம் கொடுக்காது என்று நினைக்கிறேன். எதையாவது செய்யுங்கள். விதியை எப்படி வளைக்காமல் விரிப்பது என்று உங்களுக்குத் தெரியும்.

பிறகு பெட்டியைத் திறந்தோம். வழக்கம்போல் நடுவில் வைத்து மேஸ்திரியம்மா பிரித்தார். ஒவ்வொருத்தி முன்னாலும் ட்யூபுகளை அடுக்கிக்கொண்டே வந்தவர், வாயாடி முன்னால் வந்ததும் நின்றுவிட்டார். அவளுக்கு இனி அது எதற்கு? கை அப்படியே நடுவில் நின்றது. நான் சுவரில் மாட்டியிருந்த கவச உடைகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

"ஏன் நிறுத்திட்டீங்க? பங்குன்னா பங்குதான்" என்றாள் வாயாடி. தானே கையை நீட்டித் தன் பங்கை இழுத்துக்கொண்டாள். பையில் வைத்து ஜிப்பை இழுத்து மூடினாள்.

"என் தங்கச்சி வர்ற வாரம் மூணாம் மேசையில வேலைக்குச் சேர்றா. இது அவளுக்கு. எங்க மேசை கண்டுபிடிச்ச மருந்துன்னு சொல்லித்தான் குடுப்பேன்." பிறகு என் பக்கம் திரும்பினாள். "அது பொய்யாக்கா?"

பொய்யில்லை என்றேன். உங்களைக் கேட்காமலேயே, உங்கள் சார்பிலும் சொல்லிவிட்டேன்.